ஆயக்குடியிலிருந்து ஒரு புள்ளி

ஆயக்குடி கொய்யாச் சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும். பழனியிலிருந்து திண்டுக்கல் சாலையில் கிழக்கே சில கிலோமீட்டர்தான். மலையடிவாரத் தோப்புகளில் பறித்த காய்கள் கூடை கூடையாக வந்து இறங்கும். விலை பேசி, எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, கேரளத்துக்குப் போகும் வண்டிகளில் ஏற்றுவார்கள். வெயில் ஏறினால் சந்தை கலைந்துவிடும்.

இந்தச் சந்தையை உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். யார் வைப்பது?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதற்கு விடை சுலபம். 1821-இல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் மலைக்கு ஏறினார். பழனி மலைகளை அளந்து வரைந்தார். அவர் எழுதியதுதான் வரைபடம். கீழே ஊர்களில் நிலம் யாருடையது, எந்த மரம் எந்தப் புலத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் எழுதும் பேனா கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தது. பரம்பரையாக வந்த அந்தப் பதவியைத் தமிழ்நாடு அரசு 1980 நவம்பர் 14 அன்று ஒழித்தது. பேனா வேறு கைக்கு மாறியது. ஆனாலும் ஏடு ஒன்று, பேனா ஒன்று என்ற முறை மாறவில்லை. எழுதுபவரைத் தெரிந்து வைத்திருந்தால் எழுத்தை நம்பலாம் என்பது அதன் அடிப்படை.

2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற மாணவர் இதற்கு நேர்மாறான ஒன்றைத் தொடங்கினார். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று பெயர். வரைபடத்தை எவரும் பார்க்கலாம் என்பதோடு நிற்காமல், எவரும் எழுதலாம் என்றார். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்ட பிறகு, முன் அனுமதி வாங்காமலே இந்தியர்கள் வரைபடத் தரவுகளைச் சேகரிக்கவும் வெளியிடவும் வழி பிறந்தது. வார்டு மலையேறிச் சரியாக இருநூறு ஆண்டு கழித்து.

எவரும் எழுதலாம் என்றால் முதலில் தோன்றும் கேள்வி, கண்டதையும் எழுதிக் கெடுத்துவிட மாட்டார்களா என்பது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. எழுதுபவர் எல்லோரும் வரைபடத்தின் சொந்த இணையதளத்துக்கு வந்து எழுதுவதில்லை. பலர், யாரோ எங்கோ உருவாக்கிய செயலியைத் தங்கள் கைபேசியிலோ கணினியிலோ வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். கணினியில் ஜோசம், ஆண்ட்ராய்டில் வெஸ்புச்சி, ஸ்ட்ரீட்கம்ப்ளீட், இன்னும் பல. அந்தச் செயலிகளின் நிரலில் என்ன இருக்கிறது என்பது வரைபடத்தை வைத்திருக்கும் மையக் கணினியான சர்வரைக் கட்டியவர்களின் கட்டுப்பாட்டில் இல்லை. முகம் தெரியாத ஆள், முகம் தெரியாத கருவி. இந்த இரண்டும் வந்து எழுதுவதற்கென்று திறந்து வைத்திருக்கும் வாசலைத்தான் ஏபிஐ என்கிறோம். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்பதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பேச்சுமுறை அது.

படிப்பதற்கு மட்டும் திறந்த வாசலைக் கட்டுவது எளிது. ஆயிரம் பேர் ஒரே சுவரொட்டியைப் படித்தாலும் சுவரொட்டி தேய்வதில்லை. ஆயிரம் பேருக்கும் ஆளுக்கொரு தூரிகை கொடுத்தால்தான் சிக்கல் ஆரம்பம்.

ஒரே ஒரு புள்ளி ஆயக்குடியிலிருந்து கிளம்பி அந்த வாசலைக் கடப்பதைப் பின்தொடர்ந்து பார்ப்போம். போட்டித் தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சிக்கும் ஆயக்குடி பெயர்பெற்ற ஊர். அந்த வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, வகுப்புக்கு முன் சந்தை வாசலில் நின்று, கைபேசிச் செயலியில் ஒரு புள்ளி வைக்கிறாள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி: நீ யார்? அவளுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு இருக்கிறது, கடவுச்சொல் இருக்கிறது. அதைச் செயலியிடம் கொடுத்துவிடலாமா? ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. செயலி அவள் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வரிடம் ஒப்பிக்கும். இது, நெல் அளக்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்குச் சமம். இப்போதைய முறையில் செயலி அவளைச் சர்வரின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பிவைக்கிறது. கடவுச்சொல்லை அங்கேதான் எழுதுகிறாள். செயலியின் கண்ணில் அது படுவதே இல்லை. சர்வர் அவளிடம், "இந்தச் செயலி உன் பெயரில் வரைபடத்தைத் திருத்த அனுமதி கேட்கிறது, தரலாமா?" என்று கேட்கும். சம்மதித்தால் செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். வரைபடம் திருத்த ஓர் அனுமதி, நடந்த தடத்தை ஏற்ற வேறோர் அனுமதி, பயனரின் அமைப்புகளைப் படிக்க இன்னோர் அனுமதி என்று தனித்தனி. களஞ்சிய அறைச் சாவி மட்டும் வேண்டுமென்றால் அது மட்டும்தான். செயலி பிடிக்கவில்லையா, டோக்கனை ரத்து செய்தால் போதும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். இந்த முறைக்கு ஓஆத் என்று பெயர். கடவுச்சொல்லை நேராக அனுப்பும் பழைய வழியை ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2024-இல் முற்றிலும் அடைத்துவிட்டது.

அடுத்து, செயலி ஒரு மாற்றத் தொகுப்பைத் திறக்கிறது. மண்டியில் ஒரு லோடுக்கு ஒரு சீட்டு போடுவதுபோல், ஒருவர் ஓர் அமர்வில் செய்யும் திருத்தங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சீட்டு. அதில் எந்தச் செயலி என்று பதிவாகும். எதற்காக இந்தத் திருத்தம் என்று எழுதுபவரும் ஒரு வரி சேர்ப்பார். சர்வர் அதற்கு ஓர் எண் கொடுக்கும். ஒரு மணி நேரம் அசைவில்லாமல் கிடந்தால் சீட்டு தானே மூடிக்கொள்ளும். எப்படி இருந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்காது. ஒரு சீட்டில் 10,000 மாற்றங்களுக்கு மேல் ஏறாது.

இப்போது புள்ளியே புறப்படுகிறது. அதில் இருப்பது கொஞ்சம்தான்: அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு சில அடைமொழிகள். இது சந்தை, தமிழில் பெயர் இது, ஆங்கிலத்தில் பெயர் இது, திறக்கும் நேரம் இது. இடத்தைத் தசமப் புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை எழுதி வைக்கிறார்கள். ஒரு பாகை என்பது நிலத்தில் சுமார் 111 கிலோமீட்டர். முழு எண்ணோடு நிறுத்தி 10 வடக்கு, 77 கிழக்கு என்று எழுதினால் ஆயக்குடிச் சந்தை மலை தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஏழாவது இலக்கம் வரை போனால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நுணுக்கம். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பது வேறு விஷயம். ஏட்டில் இடம் இருக்கிறது, அளவுகோல் அந்த அளவுக்கு இல்லை.

பெயரில் தமிழ் வாசகருக்கு ஒரு சின்ன வியப்பு காத்திருக்கிறது. ஒவ்வொரு அடைமொழிக்கும் 255 குறிகள் என்று வரம்பு. "ஆயக்குடி" என்பது நமக்கு ஐந்து எழுத்து: ஆ, ய, க், கு, டி. கணினிக்கு எட்டு. புள்ளியையும், உகர இகரக் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும். அந்த எட்டையும் கம்பியில் அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, மொத்தம் 24 பைட்டு. வரம்பை பைட்டில் எண்ணும் வாசலாக இருந்தால் ஆங்கிலப் பெயருக்கு இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தமிழுக்குக் கிடைத்திருக்கும். நீளமான கோயில் பெயர்கள் பாதியில் அறுந்துபோகும், அதுவும் சில சமயம் ஒரு எழுத்தின் நடுவிலேயே. எதை எண்ணுவது என்று வாசலைக் கட்டியவர் எடுக்கும் முடிவு, ஒரு மொழியின் ஊர்ப்பெயர் முழுதாக வாழுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தமிழ்ப்பெயர் இருக்க வேண்டியதற்கு ஆயக்குடியே நல்ல சாட்சி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்று இன்னோர் ஊர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் ஒன்றோடொன்று கலந்துபோகும். தமிழில் ஒரு புள்ளி இரண்டையும் பிரித்துவிடுகிறது.

புதிய புள்ளிக்கு இன்னும் எண் இல்லை. எண் கொடுப்பது சர்வரின் வேலை. ஆனால் மாணவி சந்தையோடு அங்கே போகும் பாதையையும் வரைந்திருந்தால், பாதை "இந்தப் புள்ளிகள் வழியாகப் போகிறேன்" என்று சொல்ல வேண்டுமே. இல்லாத எண்ணை எப்படிச் சொல்வது? செயலி தற்காலிகமாகக் கழித்தல் எண்களை வைத்துக்கொள்கிறது: -1, -2, -3. சர்வர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உன் -1 இனி இந்த எண், உன் -2 இனி அந்த எண் என்று பட்டியல் திருப்பித் தருகிறது. இந்த நிரந்தர எண்களே ஒருமுறை பல செயலிகளுக்குச் சோதனை வைத்தன. கழித்தல் எண்களுக்கும் இடம் விட்டால், 32 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2013 தொடக்கத்தில் உலக வரைபடத்தின் புள்ளி எண்கள் அதைத் தாண்டின. எண்ணுக்கு அவ்வளவு இடம் போதும் என்று நினைத்து எழுதிய நிரல்களையெல்லாம் அதற்குள் மாற்ற வேண்டியிருந்தது. வாசல் ஒன்றுதான், அதை நம்பி வெளியே எத்தனையோ கருவிகள். வாசலில் ஒரு படி உயர்ந்தால் எல்லோரும் காலைத் தூக்க வேண்டும். 2009 ஏப்ரலில் வந்த 0.6 என்ற ஏபிஐ பதிப்பையே இன்றுவரை வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு.

அந்த 2009 மாற்றத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். எழுதும் வாசலைச் சில நாள் மூடி, அடியில் இருந்த தரவுத்தளத்தையே மாற்றிக் கட்டினார்கள். மாற்றத் தொகுப்பு அப்போதுதான் வந்தது. அதோடு வந்த இன்னொன்று பார்வைக்கு மிகச் சிறியது: பதிப்பு எண்ணைச் சரிபார்த்தல்.

மண்டியில் ஒரு பேரேடு இருக்கிறது. இரண்டு கணக்கர்கள் ஒரே பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போகிறார்கள். ஒருவர் விலையைத் திருத்துகிறார். இன்னொருவர் எடையைத் திருத்துகிறார். முதலாமவர் வந்து பக்கத்தை மாற்றி ஒட்டுகிறார். பிறகு இரண்டாமவர் வந்து தன் பக்கத்தை அதன்மேல் ஒட்டுகிறார். அவர் நகலில் பழைய விலைதானே இருக்கும்? முதலாமவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துவிட்டது. யாரும் தவறு செய்யவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு எழுதுபவரைவிட இந்தச் சத்தமில்லாத அழிவுதான் எழுதும் வாசல்களின் பெரிய நோய்.

பக்கத்தை ஒருவர் எடுத்தால் மற்றவர் தொடாதபடி பூட்டி வைக்கலாமே என்று தோன்றும். ஓர் அறைக்குள் இருக்கும் கணினிகளுக்கு அது சரி. கொடைக்கானல் மலைப்பாதைக்குச் சரிவராது. அந்த மாணவி மறுவாரம் பேருந்தில் மலை ஏறுகிறாள். வளைவுகளில் சிக்னல் வருகிறது, போகிறது. செயலி அவள் திருத்தங்களைக் கைபேசியிலேயே சேர்த்து வைத்து, தொடர்பு கிடைக்கும்போது அனுப்பும். அவள் எடுத்த பாதையைச் சர்வர் பூட்டி வைத்திருந்தால், அவள் மறுபடி சிக்னல் உள்ள இடத்துக்கு வரும்வரை அது பூட்டியே கிடக்கும். கைபேசி பாறையில் விழுந்து உடைந்தால்? பூட்டைத் திறக்க ஆளே இல்லை.

ஆகவே பூட்டுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் மட்டும் உண்டு. சில திருத்தங்களுக்குப் பிறகு சந்தைப் புள்ளி பதிப்பு 3-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவி அதை இறக்கிக்கொள்கிறாள். உள்ளூர் இளைஞர் ஒருவரும் அதே 3-ஐ இறக்கிக்கொள்கிறார். அவர் திறக்கும் நேரத்தைத் திருத்தி, "நான் திருத்தியது பதிப்பு 3" என்று சொல்லி அனுப்புகிறார். சர்வரிடம் இருப்பதும் 3. சரி என்று ஏற்றுக்கொண்டு 4 ஆக்குகிறது. பிறகு மாணவியின் திருத்தம் வருகிறது: "நான் திருத்தியது பதிப்பு 3." சர்வர் தன்னிடம் உள்ள 4-ஐப் பார்த்துவிட்டு, 409 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. முரண்பாடு என்று அதற்குப் பொருள். செயலி புதிய பதிப்பை இறக்கி, அவளிடம் காட்டி, இரண்டையும் சேர்க்கலாமா என்று கேட்கும். அவளுடைய உழைப்பும் போகவில்லை, அவருடையதும் போகவில்லை. யாரையும் காக்க வைக்காமல், மோதல் நேரும் அபூர்வ நேரத்தில் மட்டும் தடுக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்த கணினி அறிவியல் கருத்துகளில் ஒன்று. ஓர் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும்தான் அதில் நடக்கிறது.

மலைப்பாதை இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. திருத்தம் சர்வரை அடைந்தது, எழுதியும் ஆயிற்று. "எழுதிவிட்டேன்" என்ற பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. செயலிக்கு என்ன தெரியும்? அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி அனுப்பினால் ஒரே இடத்தில் இரண்டு சந்தைகள் முளைக்கும். சும்மா விட்டால், எழுதப்படாமலே போயிருக்கலாம். சந்தையில் யுபிஐ மூலம் பணம் அனுப்பி, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது நம் வயிற்றில் ஒரு பயம் வருமே, அதே நிலை. 2016-இல் வந்த யுபிஐயில் ஒவ்வொரு பரிமாற்றமும் தனக்கென ஓர் எண்ணோடு போகிறது. சந்தேகம் வந்தால் அந்த எண்ணை வைத்து "இது என்னாயிற்று?" என்று முதலில் விசாரிக்க முடியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மாற்றத் தொகுப்பின் எண் அந்த வேலைக்கு உதவுகிறது: இந்தச் சீட்டில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் அனுப்பலாம். அனுப்பிய கட்டு முழுதாக ஏறும், இல்லையென்றால் அதில் எதுவுமே ஏறாது என்ற விதி அந்த விசாரணையைச் சுலபமாக்குகிறது. கவனமான செயலிகள் இப்படிச் செய்கின்றன. கவனமில்லாதவை இரட்டைப் புள்ளிகளை விட்டுச் செல்கின்றன.

அழித்தல்? சாதாரணப் பயனர் எவரும் எதையும் உண்மையில் அழிக்க முடியாது. ஒரு புள்ளியை நீக்கினால், "இப்போது இல்லை" என்று சொல்லும் புதிய பதிப்பு ஒன்று சேரும். பழைய பதிப்புகள் எல்லாம் அடியில் இருக்கும். மலைச்சாலையின் கோட்டில் கோத்திருக்கும் ஒரு புள்ளியை மட்டும் உருவி எடுக்கவும் சர்வர் விடாது; சாலை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, முதலில் சாலையைத் திருத்து என்று 412 எண்ணோடு திருப்பிவிடும்.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் வாசல் பார்ப்பது வடிவத்தை மட்டும்தான். கொய்யாச் சந்தை என்பதற்குப் பதில் மாம்பழச் சந்தை என்று எழுதினால் தடுக்க அதற்குத் தெரியாது. 2017 டிசம்பரில் போகிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு தன் அடிப்படை வரைபடமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொண்டது. பூங்கா இருக்கும் இடத்தில் நல்ல உருவங்கள் கிடைக்கின்றன என்று கண்டுகொண்ட சில ஆட்டக்காரர்கள், தங்கள் வீட்டுப் பக்கம் இல்லாத பூங்காக்களை வரைந்து தள்ளினார்கள். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. உண்மை மட்டும் இல்லை. மனிதர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். யார் வரைந்தார், எப்போது, எந்தச் செயலி, அதே கணக்கில் வேறென்ன செய்திருக்கிறார் என்று மாற்றத் தொகுப்புகளைத் தொடர்ந்து போய், தொகுப்பு தொகுப்பாகப் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். பின்னாளில், புதிதாகக் கணக்குத் தொடங்கியவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் செய்யும் மாற்றங்களுக்கும் வரம்பு வந்தது. நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கும் விதியல்ல அது. பழுது நேர்ந்தால் மனிதர் கையால் திருத்தக்கூடிய அளவுக்குள் அதை நிறுத்தும் விதி.

எதை எழுதக் கூடாது என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது அருண் கணேஷ் என்பவரும் அவர் நண்பர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளின்மேல் ஒரு வெள்ள வரைபடம் கட்டினார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட்டுக் குறியுங்கள் என்றார்கள், மக்கள் குறித்தார்கள். அந்தக் குறிகள் அடிப்படை வரைபடத்துக்குள் போகவில்லை. தனி ஏட்டில் இருந்தன. சாலை நாளையும் இருக்கும், தண்ணீர் வடிந்துவிடும். நிலையானதும் நிலையற்றதும் ஒரே ஏட்டில் கலக்கக் கூடாது என்ற அந்த முடிவு, அவசர நேரத்தில் எடுத்த மிக நல்ல முடிவு.

ஒற்றைப் பேனாக் காலத்தில் நம்பிக்கை ஒரு மனிதரின் கையில் இருந்தது. இங்கே அது பதிப்பு எண்ணிலும், சீட்டிலும், அழியாத பழைய பக்கங்களிலும் பரவிக் கிடக்கிறது. சந்தை வாசலில் நிற்கும் பெண்ணுக்கும், வார்டுக்கு இருந்த அதே அதிகாரம் கிடைப்பது இதனால்தான்.

உங்கள் ஊரை ஒருமுறை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தேடிப் பாருங்கள். தமிழ்ப்பெயர் இல்லையென்றால் எழுதுங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். அனுப்பும் முன் குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். நேரில் பார்த்து எழுதினீர்களா, யாரிடமாவது கேட்டு எழுதினீர்களா என்று ஒரு வரி போடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் புள்ளியைத் திருத்த வருபவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.